டேட்டாபேஸ் மென்பொருளுக்கு எந்த வெர்ஷன் கண்ட்ரோல்?

திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையத்தில் காலையில் இறங்கும் கூட்டத்தில் பெரும்பகுதி டைடல் பார்க் பக்கம்தான் நடக்கும். அந்த வட்டாரத்துச் சிறு நிறுவனங்கள் பலவற்றுக்கு டேட்டாபேஸ்தான் பிழைப்பு: கடை பில்லிங், மருத்துவமனைப் பதிவு, பள்ளிக் கட்டணம். புதிதாகக் குழு சேர்ப்பவர்களுக்கு முதலில் எழும் கேள்வி, கோடை எதில் வைப்பது என்பதுதான்.

கிட்டில் வையுங்கள். ஆனால் ஏன் என்று தெரிந்து வையுங்கள். டேட்டாபேஸ் மென்பொருள் ஒருமுறை வாடிக்கையாளரிடம் போய்விட்டால் லேசில் மாறாது. புது வெர்ஷன் வந்த பிறகும் பழையதையே பல ஆண்டுகள் ஓட்டுவார்கள். பழைய வெர்ஷன்களுக்கும் திருத்தம் அனுப்பத் தோதாக இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் குழு 2010 செப்டம்பரில் சிவிஎஸ்ஸை விட்டு கிட்டுக்கு வந்தது. ஒவ்வொரு பெரிய வெளியீட்டையும் ஐந்து ஆண்டுகள் பராமரிக்கிறார்கள். ஒரு பிழை பழைய பிராஞ்சுகளிலும் இருந்தால் அத்தனைக்கும் திருத்தம் போகும். மெர்ஜ் கமிட்டே கூடாது என்பது அவர்கள் விதி. வரலாறு நேர்கோடாக இருப்பதால் எந்தத் திருத்தம் எந்த பிராஞ்சுக்குப் போனது என்று எளிதாகத் தேடலாம். இந்த விதியைச் சின்னக் குழுக்களும் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

மைஎஸ்க்யூஎல் 2008-இல் பிட்கீப்பரிலிருந்து பஜாருக்கும், 2014-இல் கிட்டுக்கும் மாறியது. எஸ்க்யூலைட் வழி தனி. அதை எழுதிய ரிச்சர்ட் ஹிப்பே ஃபாசில் என்ற கருவியையும் எழுதினார். 2009 முதல் கோடு அதில்தான் இருக்கிறது. பிழைப் பட்டியல், விக்கி எல்லாம் ஒரே புரோகிராமுக்குள் அடக்கம். வரலாறு முழுவதும் ஒரே எஸ்க்யூலைட் ஃபைலில். நாலைந்து பேர் மட்டும் வேலை பார்க்கும் இடத்துக்கு ஃபாசில் தாராளமாகப் போதும். ஆனால் புதிதாக வேலைக்கு வருபவர் கிட் தெரிந்தவராகத்தான் இருப்பார்.

கிட்டில் எனக்கு மிகவும் பிடித்தது பைசெக்ட். போன மாதம் சரியாக வந்த ரிப்போர்ட் இன்று தப்பாக வருகிறது, நடுவில் ஆயிரம் கமிட் என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பாதியாகப் பிரித்துச் சோதித்தால் சுமார் பத்தே சோதனையில் குற்றவாளி கமிட் அகப்பட்டுவிடும். ஒரு கமிட்டில் ஒரே ஒரு மாற்றம் என்ற பழக்கம் இருந்தால்தான் இது பலன் தரும்.

எந்தக் கருவியாலும் முடியாத ஒன்று உண்டு. கோடைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். டேட்டாவை அப்படித் திருப்ப முடியாது. வாடிக்கையாளர் டேபிளிலிருந்து தொலைபேசி எண் ஃபீல்டை டிராப் செய்யும் ஸ்கிரிப்ட் ஓடிவிட்டால், கமிட்டை ரிவர்ட் செய்தாலும் எண்கள் திரும்பி வராது. அதனால் டேபிள் மாற்றங்களை வரிசை எண் போட்ட மைக்ரேஷன் ஃபைல்களாக, கோடு இருக்கும் அதே ரெப்போவில் வையுங்கள். ஒரு இடத்தில் ஓடிய ஃபைலைத் திருத்தாதீர்கள். அடுத்த எண்ணில் புதிதாக எழுதுங்கள். ஃபீல்டை நீக்குவதானால், முதல் வெளியீட்டில் கோடு அதைப் படிப்பதை நிறுத்தட்டும். டிராப் அடுத்த வெளியீட்டில் போகட்டும்.

பாஸ்வேர்டும் வாடிக்கையாளர் டேட்டாவின் டம்ப்பும் ரெப்போவுக்குள் வரவே கூடாது. அடுத்த கமிட்டில் அழித்தாலும் பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். தெரியாமல் பாஸ்வேர்ட் உள்ளே போய்விட்டால், முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.