யாரும் பார்க்காத திரையில் ஓர் ஒத்திகை

திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பள்ளியில் அரசு கொடுத்த மடிக்கணினி அவர் வீட்டில் இன்னும் ஓடுகிறது. ஒரு லினக்ஸைப் போட்டால் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி சட்டென்று பக்கத்தைத் திறக்கிறது. இன்னொன்றைப் போட்டால் திணறுகிறது. இரண்டிலும் பதிப்பு எண் ஒன்றேதான். பிறகு ஏன் இப்படி?

2011இல் தொடங்கிய அந்த இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில், டெபியன் என்ற லினக்ஸை ஒட்டிச் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் அதைத் தொடாமலே விட்ட பிள்ளைகள் உண்டு. அந்தப் பழைய பெட்டியை ஒருவர் இன்றும் நோண்டிப் பார்க்கிறார் என்பதே மகிழ்ச்சியான சேதி.

ஃபயர்ஃபாக்ஸின் மூலநிரல் எல்லோருக்கும் பொதுதான். அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரில் கொடுத்துப் பொதியாக்குபவர் ஒவ்வொரு லினக்ஸுக்கும் வேறு ஆள். புதிய செயலிக்கென்றே அவர் கட்டிவிட்டால், பழைய செயலி அந்தக் கட்டளை புரியாமல் உலாவியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடும். ரெட் ஹாட் லினக்ஸின் 10ஆம் பதிப்பு கேட்கும் கட்டளைகள், 2013இல் வந்த ஹாஸ்வெல்லுக்கு முந்தைய இன்டெல் செயலிகளில் இல்லை. டெபியனோ 2003இல் வந்த முதல் 64 பிட் செயலியின் கட்டளைகளையே இன்னும் அளவாக வைத்திருக்கிறது. வாசகரின் கணினி பிழைத்திருப்பது இப்படிப்பட்ட பொறுமையால்தான்.

ஆனால் வேகத்தின் சூட்சுமம் வேறிடத்தில் இருக்கிறது. அதன் பெயர் பிஜிஓ, அதாவது ஓடவிட்டுப் பார்த்த கணக்கை வைத்து நிரலைச் செதுக்குவது. ஆர்ச் லினக்ஸின் பொதிக் குறிப்பைத் திறந்தால் அந்த விநோதத்தை வரி வரியாகப் படிக்கலாம். முதலில், எந்த வழியில் எத்தனை முறை போனோம் என்று எண்ணிக்கொள்ளும் ஓர் உலாவியைக் கட்டுகிறார்கள். பிறகு 1920க்கு 1080 அளவில் ஒரு பொய்த்திரையை உண்டாக்கி, அதில் அந்த உலாவியை ஓடவிடுகிறார்கள். கண்ணாடித் திரையும் இல்லை, பார்ப்பவரும் இல்லை. சோதனைப் பக்கங்கள் தாமாகத் திறக்கின்றன, பட்டியல்கள் நிரம்புகின்றன, அழிகின்றன. இந்த ஒத்திகை முடிந்ததும் எண்ணிக்கைகள் ஒரு கோப்பில் சேரும். அந்தக் கோப்பை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, உலாவி முழுவதையும் முதலிலிருந்து மறுபடி கட்டுகிறார்கள்.

இதை எழுதுகிறவர் சிறுவயதில் பார்த்த அருப்புக்கோட்டை மளிகைக்கடையில் புளியும் வத்தலும் உப்பும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். சீயக்காயும் சாம்பிராணியும் பரண்மேல். யார் எதைக் கேட்கிறார்கள் என்று பல நாள் பார்த்த பிறகு கடைக்காரர் வகுத்த ஒழுங்கு அது. கம்பைலர் செய்வதும் இதையே. அடிக்கடி ஓடிய நிரலை ஒன்றாகச் சேர்த்து வேகத்துக்காகச் செதுக்கும். ஒத்திகையில் ஓடாததை ஒதுக்கி, இடம் அடைக்காமல் சுருக்கிவைக்கும். சூசே என்ற லினக்ஸ் நிறுவனத்தில் ஜிசிசி கம்பைலரை வளர்க்கும் யான் ஹுபிச்கா, 2018 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 64ஐ இப்படிக் கட்டி, கிளாங் என்ற இன்னொரு கம்பைலரில் கட்டியதோடு ஒப்பிட்டார். வேகத்தில் ஜிசிசி ஈடுகொடுத்தது. கோப்பின் அளவோ கணிசமாகக் குறைந்தது.

இத்தனைக்கும் நேரமும் நினைவகமும் ஏராளமாக வேண்டும். ஒரே மூலநிரலை இரண்டு முறை கட்டுவது சின்ன வேலையில்லை. அந்தச் செலவைத் தவிர்த்த பொதியும் ஓடத்தான் செய்யும், சற்று மெதுவாக. வாசகரின் கணினியில் தெரிந்த வேறுபாட்டுக்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம்.

இங்கே ஒரு கவலையும் உண்டு. ஒத்திகையில் வராத வாடிக்கையாளரின் சரக்கு பரணுக்குப் போய்விடும். தமிழையே எடுத்துக்கொள்வோம். 'கொ' என்ற எழுத்தைத் திரையில் வரைய, ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோப்பு நிரல் அதன் உயிர்க்குறியை இரண்டாகப் பிரிக்கிறது. கொம்பை இடப்புறம் நகர்த்துகிறது, காலை வலப்புறம் விடுகிறது. ஆங்கிலப் பக்கத்துக்கு இந்த வேலையே கிடையாது. ஒத்திகைப் பக்கங்களில் தமிழ் இல்லையென்றால், அந்த நிரல் ஒருமுறைகூட ஓடியதாகக் கணக்கில் ஏறாது. இழப்பு பெரிதா சிறிதா என்பதை அளந்துதான் சொல்ல வேண்டும். அளக்க வேண்டியவர்கள் தமிழ்ப் பக்கங்களைத் தினமும் படிக்கிற நாம்தான். நமக்காக வேறு ஊர்க்காரர் அளக்கமாட்டார்.

ஒத்திகைப் பக்கங்கள் மூலநிரலோடு திறந்தே கிடக்கின்றன. பட்டியலில் ஒரு தமிழ்ப் பக்கத்தைச் சேர்த்துக் கட்டிப்பார்க்க, நல்ல நினைவகமுள்ள ஒரு கல்லூரிக் கணினியும் ஓர் இரவும் போதும்.