நிறம் பார்த்து அடி

கொல்லுப்பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது இருட்டு. தாழ்ந்த கூரை, கரி படிந்த சுவர், வெயில் எட்டாத மூலையில் உலை. வசதியில்லாததால் வந்த இருட்டு என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது, அது வேண்டுமென்றே வைத்துக்கொண்ட இருட்டு. உலையிலிருந்து எடுத்த இரும்பில் எவ்வளவு சூடு இருக்கிறது என்பதை ஆசாரி அதன் நிறத்தை வைத்தே கணிக்கிறார். உச்சி வெயிலில் பிடித்துப் பார்த்தால் 600 டிகிரி செல்சியஸில் இருக்கும் கம்பியும் கறுப்பாகத்தான் தெரியும். சூடு தெரியாமல் அடித்தால் இரும்பு கெடும், தெரியாமல் தொட்டால் கை வேகும்.

வீட்டுக் கொல்லையில் சிறிய உலை போட்டு இரும்படித்துப் பழக விரும்புகிறவர்கள், எந்தச் சுத்தியல் வாங்குவது, எந்தப் பட்டடை வாங்குவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். முதலில் நிழலுக்கு ஏற்பாடு செய்யுங்கள் என்பேன். மேலே தகரம், சுற்றிலும் காற்றோட்டம், கீழே மண்தரை. சிமெண்ட் தரையில் பழுத்த இரும்பு விழுந்தால் தரை வெடித்துச் சில்லு தெறிக்கும். மூடிய அறை கூடவே கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளையே கொன்றுவிடும்.

இனி நிறங்கள். ஏறத்தாழ 600 டிகிரியில் மங்கிய சிவப்பு தொடங்குகிறது. 750-லிருந்து 800-க்குள் கோவைப்பழச் சிவப்பு. 950 வாக்கில் ஆரஞ்சு. 1,100-ஐ ஒட்டி மஞ்சள். 1,300-ஐத் தாண்டினால் வெண்மை. அதற்கும் மேலே போனால் மத்தாப்பு மாதிரி பொறி கிளம்பும். பொறி பறந்தால் இரும்பே எரிகிறது என்று பொருள். எரிந்த பாகத்தை வெட்டி எறிவதைத் தவிர வேறு வழியில்லை. சாதாரண இரும்புக்கம்பியை மஞ்சளில் எடுத்து, ஆரஞ்சு வரை தயங்காமல் அடிக்கலாம். சிவப்பு மங்கத் தொடங்கியதும் சுத்தியலை நிறுத்தி, கம்பியை உலைக்குள் திருப்பிவிட வேண்டும். இன்னும் நாலு அடி என்று ஆசைப்படுகிற இடத்தில்தான் மயிரிழை விரிசல் விழுகிறது.

உலைக்குப் பெரிய செலவில்லை. பழைய லாரி பிரேக் டிரம் ஒன்று, அதன் அடியில் காற்று நுழைய ஓர் இரும்புக் குழாய், குழாயின் வாயில் துளைத்தட்டு. காற்றுக்குக் கையால் சுற்றும் புளோயர் போதும். மின்சார புளோயர் என்றால் காற்றைக் குறைக்க ஒரு தடுப்பு வையுங்கள். அந்தக்காலத் தோல்துருத்திகளை இரண்டிரண்டாக வைத்து மாற்றி மாற்றி அமுக்கியது காற்று இடைவெளியில்லாமல் வரவேண்டும் என்பதற்காக. காற்று மிதமிஞ்சினாலும் கெடுதல்தான்; கரியில் செலவாகாத ஆக்சிஜன் இரும்பைத் தின்னும், செதில் செதிலாக உதிரும். கம்பியைக் காற்றுத்துளையின் மேலேயே வைக்காமல், நாலு விரற்கடை உயரத்தில், கனிந்த கரிக்கு நடுவே படுக்கவையுங்கள். கரிக்குச் சீமைக்கருவேலங்கரி போதும். சிரட்டைக்கரியும் சூடு நன்றாகக் கொடுக்கும். சமையல் எரிவாயு சிலிண்டரை இதற்குத் திருப்ப நினைக்காதீர்கள்.

பட்டடைக்குப் பலர் தண்டவாளத் துண்டைத் தேடுகிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் ரயில்வே பொருளை முறையின்றி வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ரசீது இல்லாத துண்டைத் தொட வேண்டாம். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் கனத்த இரும்புக் கட்டி ஒன்றை மரமுட்டியில் இறுக்கினாலே வேலை நடக்கும். நின்று அடிப்பதானால், கையைத் தொங்கவிட்டு முஷ்டி மடக்கினால் விரல் முட்டி எட்டும் உயரம் சரி. ஒரு கிலோ சுத்தியல் ஒன்று, வெட்டிரும்பு, அரம், இரண்டு குறடு. குறட்டின் வாய் கம்பியை முழுக்கப் பற்ற வேண்டும். பொருந்தாத குறட்டிலிருந்து நழுவும் இரும்பு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. கண்ணுக்குக் கண்ணாடி, உடம்புக்குப் பருத்தி உடை. துத்தநாகம் பூசிய குழாய், கம்பி எதையும் உலையில் வைக்காதீர்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும்.

கம்பியைக் கூராக்குவதற்கும் ஒரு முறை உண்டு. உருண்டைக் கம்பியை உருட்டி உருட்டி அடித்தால் நடுவில் பிளந்துகொள்ளும். முதலில் சதுரமாக்கி, சதுரமாகவே நீட்டி, பிறகு மூலைகளைத் தட்டி எட்டுப் பட்டையாக்கி, கடைசியில்தான் உருட்ட வேண்டும்.

வெட்டுக்கருவி செய்வதென்றால் இரும்பின் சாதி பார்க்க வேண்டும். கட்டடக் கம்பியில் கார்பன் கால் சதவீதத்தை ஒட்டியே இருக்கும். அதில் அடித்த கத்தி முனை நிற்காது. லாரியின் கமான் பட்டையில் அரை சதவீதத்துக்கும் மேல் உண்டு. அரிவாளுக்கு அதைத் தேடுவது அதனால்தான். கார்பன் கூடக்கூட மஞ்சள் நிறம் ஆகாது, ஆரஞ்சோடு நிறுத்த வேண்டும். கார்பன் ஒரு சதவீதத்தைத் தாண்டும் நம் பழைய உருக்கு ஐரோப்பாவுக்குப் போனபோது, அங்கிருந்த கொல்லர்கள் பழக்கப்படி மிகையாகக் காய்ச்சி அடித்து நொறுக்கிக்கொண்டார்கள். அந்த உருக்கை 1819-இல் லண்டனில் சோதித்து எழுதியவர் மைக்கேல் ஃபாரடே. அவரே ஒரு கொல்லரின் மகன்.

அடித்து முடித்த கத்திக்குத் தோய்ச்சல் கொடுப்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு மிகப் பிடித்த கட்டம். கோவைப்பழச் சிவப்பு வந்ததும் ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். 770 டிகிரியில் இரும்பு காந்தத்துக்கு ஒட்டாது. ஒட்டாமல் போன பிறகு இன்னும் கொஞ்சம் சூடேற்றி, முனை கீழாக எண்ணெயில் நேராக இறக்க வேண்டும். கமான் பட்டையைத் தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் விரிசல் விடும். வெதுவெதுப்பான கடலை எண்ணெய் நல்லது. எண்ணெய் தீப்பிடிக்கலாம், ஆகவே மூடியுள்ள இரும்புப் பாத்திரம் வேண்டும். சூட்டில் இரும்புக்குள் கரைந்திருந்த கார்பன், திடீர்க் குளிர்ச்சியில் வெளியேற நேரமின்றி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அதுதான் கடினம். இப்போது அரம் போட்டால் வழுக்கும். கீழே போட்டால் கண்ணாடி மாதிரி உடையும்.

அந்த முறுக்கைத் தளர்த்த மறுபடி காய்ச்ச வேண்டும், மிக மெதுவாக. இங்கேயும் நிறம்தான் வழிகாட்டி, ஆனால் இது வேறு வகை நிறம். தேய்த்துப் பளபளப்பாக்கிய பரப்பில் ஆக்சைடு படலம் படர்கிறது. மழைத்தண்ணீரில் மிதக்கும் டீசல் வண்ணம் காட்டுவதுபோல, படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும். 220 டிகிரியைத் தாண்டியதும் வைக்கோல் நிறம், 250-க்கு மேல் பழுப்பு, 280-இல் கத்தரிப்பூ, 300-இல் நீலம். காய்கறிக் கத்திக்கு வைக்கோலில் நிறுத்துங்கள். ஓங்கி வெட்டும் அரிவாளுக்குக் கத்தரிப்பூ நிறம் வரை போகலாம்.

ஆனால் முதல் மாதம் கத்தியும் அரிவாளும் வேண்டாம். 10 மில்லிமீட்டர் கம்பியில் சுவரில் மாட்டும் கொக்கி அடியுங்கள். சதுரமாக்குவது, கூராக்குவது, வளைப்பது எல்லாம் அதிலேயே வந்துவிடும். ஊரில் ஆசாரி யாராவது இன்னும் உலை மூட்டுகிறார் என்றால், கருவி வாங்கக் கிளம்புவதற்கு முன் ஒருநாள் அவர் பட்டறையில் போய் உட்காருங்கள். கம்பியை எந்த நிறத்தில் எடுக்கிறார், எந்த நிறத்தில் திரும்ப வைக்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.