கணினிக்கு இரண்டாம் திரை



பாடநூலை ஒருபுறமும் குறிப்பேட்டை மறுபுறமும் விரித்து வைத்துக்கொண்டு படிப்பது நெடுநாளைய வழக்கம். கண் நூலைப் பார்க்கும். கை ஏட்டில் எழுதும். மடிக்கணினியில் படிப்பவர்க்கோ இவ்வசதி குறைவு. சிறிய திரையில் ஒன்றைத் திறந்தால் மற்றொன்று மறைகிறது. மறைந்ததைத் தேடி எடுப்பதற்குள் எண்ணத்தின் தொடர்ச்சி அறுந்துபோகிறது. இதற்கெனப் புதிய திரையொன்று வாங்க எல்லார்க்கும் இயலாது. ஆயினும், பல இல்லங்களில் பெரிய திரை ஒன்று முன்னரே உள்ளது. அதுதான் தொலைக்காட்சிப் பெட்டி. அதனைக் கணினிக்குத் துணைத்திரையாக ஆக்கிக்கொள்ளும் முறையையும், அங்குத் தோன்றும் குறைகளின் காரணங்களையும் இன்று காண்போம்.

இவ்விரண்டின் நட்பு புதிதன்று. 1981-இல் இங்கிலாந்தில் வெளிவந்த இசட்.எக்ஸ். 81, 1982-இல் அமெரிக்காவில் வெளிவந்த காமடோர் 64 ஆகிய கணினிகள் தனித்திரையின்றியே விற்கப்பட்டன. வீட்டுத் தொலைக்காட்சியின் ஆன்டெனா முனையில் கம்பியைப் பொருத்தினால் எழுத்துகள் தோன்றும். கணினி தன்னை ஓர் ஒளிபரப்பு நிலையம்போலவே காட்டிக்கொண்டது! ஆனால், வரிக்கு 32 அல்லது 40 எழுத்துகளே அமைந்தன. பின்னர்க் கணினிக்கெனத் தனித்திரைகள் பெருகின. பிரிந்த இவ்விரண்டையும் மீண்டும் ஒன்றுசேர்த்தது, 2002-இல் வகுக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. என்னும் இணைப்பு முறை. படம், ஒலி ஆகிய இரண்டையும் எண்குறிகளாகவே ஒரே வடத்தில் அது கொண்டுசெல்கிறது.

அவ்வடத்தின் உழைப்பைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். முழு உயர்தெளிவுத் திரையில் கிடையாக 1,920, நெடுக்காக 1,080 புள்ளிகள் உள்ளன. பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். படம் வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 24 பிட்டுகள் வேண்டும். ஆகவே, வினாடிதோறும் ஏறத்தாழ 299 கோடி பிட்டுகள் அதன் வழியே பாய்கின்றன.

இணைக்கும் முறை எளிது. வடத்தின் ஒருமுனையைக் கணினியிலும் மறுமுனையைத் தொலைக்காட்சியிலும் செருகி, ரிமோட்டினால் அந்த உள்ளீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தையற்காரர் துணியை வெட்டுமுன் அளவெடுப்பதுபோல, கணினியும் தொலைக்காட்சியில் பதிந்துள்ள அளவுக்குறிப்பைப் படித்துக்கொண்ட பின்னரே படத்தை அனுப்பும். விண்டோஸ் கணினியாயின், விண்டோஸ் விசையுடன் 'பி' விசையைச் சேர்த்து அழுத்தினால் சில வழிகள் தோன்றும். அவற்றுள் இரண்டு முக்கியமானவை. ஒன்று, கணினியில் உள்ளதையே தொலைக்காட்சியிலும் காட்டுவது. ஆசிரியர் தம் ஏட்டில் உள்ளதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதை இது ஒக்கும். மற்றொன்று, திரையை நீட்டிப்பது. ஒரு கரும்பலகைக்கு அருகே இன்னொன்றை மாட்டுவதை இது ஒக்கும். படிப்பவர்க்கு உகந்தது பின்னதே. நூலைப் பெரிய திரையில் வைத்து, குறிப்பைச் சிறிய திரையில் எழுதலாம்.

இனிக் குறைகளுக்கு வருவோம். சில பெட்டிகளில் படத்தின் நான்கு ஓரங்களும் வெட்டுண்டு போகும். காரணம் யாது? பழைய படக்குழாய்களின் விளிம்பில் படம் ஒழுங்காக அமைவதில்லை. அதனை மறைக்கவே படத்தைச் சிறிது பெரிதாக்கிச் சட்டத்திற்கு வெளியே தள்ளினர். படக்குழாய் மறைந்த பின்னும் அவ்வழக்கம் சில பெட்டிகளில் எஞ்சியுள்ளது. படத்தின் அளவைக் குறிக்கும் பகுதியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஸ்க்ரீன் ஃபிட்' போன்ற பெயருள்ள அமைப்பைத் தேர்ந்தால் ஓரங்கள் மீளும்.

மற்றொரு குறை, வண்ண எழுத்துகள் கலங்கித் தோன்றுவது. நம் கண் ஒளியின் வேறுபாட்டை நுட்பமாகவும், நிறத்தின் வேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் உணரும். ஆதலின், ஒளிபரப்பில் நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிறக்குறிப்பே அனுப்புவது வழக்கம். ஒரு முகத்தையோ மலையையோ காட்டுவதற்கு இது போதும். மெல்லிய எழுத்திற்குப் போதாது. சில பெட்டிகள் கணினிப் படத்தையும் இவ்வாறே நடத்துகின்றன. உள்ளீட்டின் பெயரை 'பிசி' என மாற்றினால், பலவற்றில் இக்கலக்கம் தெளியும்.

இறுதியாக ஒன்று. திரை பெரிதாயின் இடமும் பெருகும் என்று எண்ணுதல் கூடாது. 32 அங்குலப் பெட்டிகள் பலவற்றில் 1,366-க்கு 768 புள்ளிகளே உண்டு. அதே எண்ணிக்கையுள்ள மடிக்கணினிகளும் பல. அங்கே எழுத்து பெரிதாகுமேயன்றி வரிகள் மிகா. எட்ட இருந்து பலர் கூடிப் படிக்க அது உதவும். நுண்ணிய வரைபடத்தை முழுமையாகக் காண உதவாது.

தொலைக்காட்சி, தொலைவிலிருந்து காட்சியைக் காண்பதற்கென அமைந்தது. கணினித் திரை, அருகிருந்து எழுத்தைப் படிப்பதற்கென அமைந்தது. நாம் கண்ட குறைகள் இந்நோக்க வேறுபாட்டில் பிறந்தவை. கலங்கிய எழுத்தைக் கண்டவுடன் பெட்டி பழுது என்றோ, கண் பழுது என்றோ முடிவுகட்ட வேண்டா. காரணத்தை வினவுங்கள். காரணம் புலப்பட்டால், காசு செலவின்றியே பல குறைகளை நீக்கிக்கொள்ளலாம். பொழுதுபோக்கிற்கென வீட்டில் வந்தமர்ந்த பெட்டி, உங்கள் கல்விக்கும் துணைநிற்கும்.