796 சி.சி.: ஒரு சின்ன இன்ஜினின் பலமும் நோயும்

1983 டிசம்பரில் முதல் மாருதி 800 காரின் சாவியை இந்திரா காந்தி வழங்கியபோது அதன் பானெட்டுக்குள் இருந்தது சுசுகியின் ‘எஃப்8பி’ இன்ஜின். மூன்று ஆண்டுகளில் காரின் உடலமைப்பு முழுதாக மாறியது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி கார்ப்பரேட்டர் போய், எரிபொருளை மின்னணுக் கட்டுப்பாட்டில் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. ஆனாலும் 2014 ஜனவரியில் கடைசி வண்டி வெளிவரும்வரை இன்ஜினின் அடிப்படை மாறவில்லை. மாருதி ஆம்னி வேனின் முன் இருக்கைகளுக்கு அடியில் உறுமியதும் இதே குடும்பத்து இன்ஜின்தான். தமிழ்நாட்டின் சிற்றூர்களில் இன்றும் பள்ளிப் பிள்ளைகளையும் காய்கறி மூட்டைகளையும் சுமந்து இது ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய வண்டி என்றால் எந்த நேரத்தில் எது போகும் என்று சொல்ல முடியாது என்பார்கள். இந்த இன்ஜினைப் பொறுத்தவரை அது சரியல்ல. எது போகும், ஏன் போகும் என்பதை இதன் தொழில்நுட்ப விவரங்களே சொல்லிவிடுகின்றன. படிக்கத் தெரிந்தால் போதும்.

மொத்தக் கொள்ளளவு 796 சி.சி. சிலிண்டர்கள் மூன்று. சிலிண்டரின் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலிருந்து கீழே பயணிக்கும் தூரம் 72 மில்லிமீட்டர். விட்டத்தைவிடப் பயண தூரம் சற்று அதிகம் என்பதைக் கவனியுங்கள். இப்படி அமைத்தால் உச்ச வேகத்தில் சீறுவதைவிடக் குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைக்கும். எம்.பி.எஃப்.ஐ. வகையில் அதிகபட்ச இழுவிசையான 59 நியூட்டன் மீட்டர் நிமிடத்துக்கு 2,500 சுற்றிலேயே வந்துவிடுகிறது. 37 குதிரைத்திறன் கிடைப்பதோ 5,000 சுற்றில். வண்டியின் எடை 650 கிலோ அளவுதான் என்பதால் நகரத் தெருக்களுக்கு இந்தத் திறன் தாராளம். அழுத்த விகிதம் 8.7:1. இதுவும் மிதமான அளவே. தரம் குறைந்த பெட்ரோலிலும் ‘நாக்கிங்’ இல்லாமல் ஓட இது உதவியது.

சிலிண்டர் மூன்று என்பதில் ஒரு விலை இருக்கிறது. நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் அரைச் சுற்று சுற்றுவதற்குள் ஒரு எரிப்பு நடந்துவிடும். இதில் ஒவ்வொரு எரிப்புக்கும் இடையே 240 டிகிரி இடைவெளி. முன்கோடி பிஸ்டனும் பின்கோடி பிஸ்டனும் வெவ்வேறு நேரத்தில் ஏறி இறங்குவதால் இன்ஜின் தன் இரு முனைகளையும் மாற்றி மாற்றி ஆட்டிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்வது இன்ஜின் மவுண்டிங் ரப்பர்கள். ஐட்லிங்கில் ஸ்டியரிங்கும் கண்ணாடியும் நடுங்கினால் பலர் டியூனிங் செய்யச் சொல்லிப் பணம் செலவழிக்கிறார்கள். ரப்பர் இறுகிப் பிளந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பதே முறை.

நடுக்கத்தோடு இழுவையும் குறைந்தால் விஷயம் வேறு. ஒரு சிலிண்டர் எரியவில்லை, அதாவது ‘மிஸ்ஸிங்’. நான்கில் ஒன்று நின்றால் கால் பங்கு பலம் போகும்; மூன்றில் ஒன்று நின்றால் மூன்றில் ஒரு பங்கே போய்விடும். பாலத்தில் ஏறும்போது உடனே தெரிந்துவிடும். பிளக், பிளக் ஒயர், பழைய வண்டியானால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, காண்டாக்ட் பாயிண்ட் என்று மலிவான இடங்களிலிருந்து தேடத் தொடங்க வேண்டும். மழைக்காலக் காலையில் மட்டும் வரும் மிஸ்ஸிங்குக்குப் பெரும்பாலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் படிந்த ஈரமோ மயிரிழை விரிசலோதான் காரணம். இதை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டிகளில் அதைச் சுட்டுப் பொசுக்கிவிடும்.

ஆனால் இந்த இன்ஜினின் உண்மையான எதிரி சூடு. சிலிண்டர் பிளாக் வார்ப்பிரும்பு. அதன்மேல் உட்காரும் ஹெட் அலுமினியம். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சாதாரண ஓட்டத்தில் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட் இந்த வேறுபாட்டைத் தாங்கிக்கொள்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் வற்றிய நிலையில் ‘அடுத்த ஊர் வரை போய்விடலாம்’ என்று ஓட்டினால், போல்ட்டுகளின் பிடிக்குள் விரிய இடமின்றி ஹெட் வளைந்துவிடும். ஆறிய பிறகும் அந்த வளைவு முழுதாக நேராகாது. அங்கிருந்து கேஸ்கெட் விட்டுக்கொடுக்கத் தொடங்குகிறது.

கேஸ்கெட் போனதற்கான அறிகுறிகள் பல. வெள்ளைப் புகை வண்டி சூடான பிறகும் நிற்காது. ரேடியேட்டரில் குமிழிகள் கிளம்பும். ஒழுக்கு எதுவும் கண்ணில் படாமலே தண்ணீர் குறையும். ஆயில் மூடியைத் திறந்தால் உட்புறம் பால்கலந்த காபி நிறத்தில் குழம்பு ஒட்டியிருக்கும். குளிர்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் மூடியில் மட்டும் இப்படிச் சிறிது படிவதுண்டு. டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். இரண்டு சிலிண்டர்களுக்கு இடையே கேஸ்கெட் எரிந்திருந்தால் கம்ப்ரஷன் கேஜில் அடுத்தடுத்த இரண்டிலும் அளவு விழுந்திருக்கும். ஹெட்டை இறக்கிவிட்டுப் புது கேஸ்கெட்டை மட்டும் வைத்து மூடுவது வீண் செலவு. ஹெட்டின் அடிப்பரப்பு சமமாக இருக்கிறதா என்று அளந்து, தேவையானால் அதைச் சீவிச் சமமாக்கும் ஃபேஸிங் செய்து, போல்ட்டுகளை அதற்குரிய வரிசையில் டார்க் ரெஞ்சால் முறுக்கினால்தான் வேலை நிற்கும்.

இவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். பெரும்பாலான ஓவர்ஹீட்டுக்குக் காரணம் சில நூறு ரூபாய்ப் பொருள்கள். இதன் ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் ஓடுவது. ஃபியூஸோ, சூட்டை உணரும் சுவிட்சோ பழுதானால் விசிறி சுற்றாது. நெடுஞ்சாலையில் காற்றே குளிர்விப்பதால் குறை தெரியாது. நெரிசலில் நின்றதும் சூடு காட்டும் முள் ஏறும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்தால் உள்ளழுத்தம் நிற்காது. அழுத்தம் இருக்கும்வரைதான் 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். கூலண்டுக்குப் பதில் போர்வெல் தண்ணீரை ஊற்றும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் போகவில்லை. அதிலுள்ள உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கிறது. அலுமினிய ஹெட்டின் நீர்வழிகளையும் அரிக்கிறது.

இங்கே ஒரு தவறான வைத்தியத்தைச் சொல்லியாக வேண்டும். சூடேறும் வண்டி வந்தால் சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். நம் வெயிலுக்கு அது தேவையில்லை என்பது வாதம். இன்ஜின் உரிய சூட்டை அடையும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தி வைப்பது அந்த வால்வின் வேலை. அது இல்லாவிட்டால் இன்ஜின் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் செலவு கூடும். ஆயிலில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கும். சிலிண்டர் சுவர் தேயும். அடைத்த ரேடியேட்டரோ அடைத்தபடியே இருக்கும். வால்வு பழுதென்றால் புதிது போடுங்கள். கழற்றி வீசுவது பழுதுபார்ப்பு ஆகாது.

ஆயில் விஷயத்திலும் அளவே அபாயத்தைச் சொல்கிறது. இதன் கொள்ளளவு மூன்று லிட்டரை ஒட்டியது. அதில் ஒரு லிட்டர் எரிந்தோ ஒழுகியோ போனால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மிஞ்சிய ஆயில் அதிகம் சுழன்று விரைவில் கெடும். டிப்ஸ்டிக்கை வாரம் ஒருமுறை பார்ப்பது இந்தச் சின்ன இன்ஜினுக்குப் பெரிய இன்ஜினைவிட அவசியம். இரவெல்லாம் நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் நீலப் புகை விட்டால் வால்வு சீல்கள் இறுகியிருக்கின்றன. அது சிறு வேலை. ஓடும்போது ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்துவிட்டது. அப்போது சிலிண்டரைக் குடைந்து சீராக்கும் ‘போர்’ வேலை வரை போக வேண்டியிருக்கும்.

முன்பக்க ஆயில் சீல் கசிவைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட்டைச் சுற்றுவது இந்த இன்ஜினில் சங்கிலி அல்ல, பல்லுள்ள ரப்பர் டைமிங் பெல்ட். கசியும் ஆயில் அதன்மேல் பட்டால் ரப்பர் ஊறிக் கெடும். பெல்ட் அறுந்தால் இன்ஜின் அந்த நொடியே நிற்கும், முன்னெச்சரிக்கைச் சத்தம்கூட இருக்காது. பழைய வண்டி வாங்குகிறவர், பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு புதிது போடுவது நல்லது. ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிட்டால் கூலி ஒன்றாக முடியும்.

கார்ப்பரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இப்போது புதிய கவலை ஒன்று சேர்ந்திருக்கிறது. 2023 முதல் படிப்படியாக வந்த 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று பெரும்பாலான பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கிறது. எத்தனாலுக்குள் ஆக்சிஜன் இருக்கிறது. புதிய கார்களில் சென்சார் அதை உணர்ந்து கூடுதல் எரிபொருளைச் செலுத்தும். கார்ப்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. ஜெட் துளையின் அளவுக்கே பெட்ரோல் போகும் என்பதால் கலவை மெலியும். காலையில் ஸ்டார்ட்டிங் கடினமாகும், மிதிக்கும்போது தடுமாறும். லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜும் சற்று இறங்கும். அந்தக் காலத்து ரப்பர் குழாய்களும் பம்ப் டயஃப்ரமும் எத்தனாலை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. அவை உப்பிப் பிளந்தால் சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டும், தீப்பிடிக்கவும் கூடும். மேலும் எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டியில், கார்ப்பரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் நீர் தங்கி, உள்ளே துரு படிந்து, ஸ்லோ ஜெட் அடைபடும்.

எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். கார்ப்பரேட்டரைப் பிரித்துக் கழுவும்போது கலவையைச் சற்றுக் கூட்டிவைக்கச் சொல்லுங்கள். நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள். பெட்ரோல் வாடை வந்தால், அது எவ்வளவு லேசாக இருந்தாலும், குழாயைப் பார்க்காமல் சாவியைத் திருப்பாதீர்கள்.