போர்வையில் ஒரு பெயர்

கந்தை என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனத்தில் தோன்றுவது வறுமையே. கசக்கிக் கட்டும்படி பழமொழி கூறுவதும் அதனைத்தான். ஆனால் வங்காள நாட்டிலோ, அச்சொல்லின் உடன்பிறப்பாகிய 'காந்தா' என்பது ஓர் அரிய கலையின் பெயராக விளங்குகின்றது. உடுத்து நைந்த சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலினாலேயே சிறுசிறு தையலிட்டு, தாமரையும் யானையும் தேரும் தோன்றச் செய்யும் போர்வை அது.

அக்காந்தாக்களைத் தேடிச் சேகரித்தவருள் முதன்மையானவர் குருசதய தத்தர் (1882-1941). அவருடைய சேகரிப்பில் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காந்தா ஒன்று உண்டு. அதனைத் தைத்த மானதாசுந்தரி என்னும் பெண், தன் தந்தைக்காகத் தானே தன் கையால் செய்தது என்று ஊசியாலேயே அதில் எழுதி வைத்தாள். பெண்ணின் கைவேலைக்குப் பெயர் எதற்கு என்று உலகம் எண்ணியிருந்த காலத்தில், அவள் தன் பெயரைத் துணியோடு துணியாகத் தைத்துவிட்டாள். பின்னர் 1939ஆம் ஆண்டில் கலை ஆராய்ச்சியாளர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் காந்தாவைப்பற்றிச் சஞ்சிகையொன்றில் எழுதிய கட்டுரை, இக்கலையை அறிஞர் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

போர்வையின் கோலத்தைச் சஞ்சிகையில் அச்சிடும் வழக்கம் மேல்நாட்டில் இதற்கு முன்பே தோன்றிவிட்டது. ஐக்கிய அமெரிக்காவின் 'கோடீஸ் லேடீஸ் புக்' என்னும் மகளிர் சஞ்சிகை, 1835இல் தேன்கூட்டைப்போன்ற அறுகோணக் கோலமொன்றை வெளியிட்டது. 'கன்சாஸ் சிட்டி ஸ்டார்' என்னும் நாளிதழோ, 1928 முதல் 1961 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோலங்களை அச்சிட்டது. அவற்றுட் பல, வாசகியரே வரைந்து அனுப்பியவை. அனுப்பியவரின் பெயரும் ஊரும் அருகே அச்சாயின. எங்கோ ஒரு பண்ணை வீட்டில் ஒருத்தி வெட்டிப் பொருத்திய துணி, அவள் பெயரோடு ஆயிரம் வீடுகளுக்குச் சென்றது!

பெயர் தவறினால் விளைவது யாது? அதற்கும் அந்நாட்டிலேயே சான்று உண்டு. 1933ஆம் ஆண்டு சிக்காகோ உலகக் கண்காட்சியையொட்டி, சியர்ஸ் நிறுவனம் போர்வைப் போட்டி ஒன்றை நடத்தியது. ஏறத்தாழ 24,000 போர்வைகள் வந்து குவிந்தன. முதற் பரிசாகிய 1,200 டொலரைப் பெற்றவர் கென்டக்கியைச் சேர்ந்த மார்கரெட் கேடன். பரிசுபெற்ற போர்வை சனாதிபதியின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ட்டுக்கு அளிக்கப்பட்டது. ஆயின் அதனைத் தைத்தவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள் என்பதைப் பிற்கால ஆராய்ச்சியாளர் வெளிப்படுத்தினர். பொருளாதார மந்தம் நிலவிய காலம் அது. வேலை போய்விடுமோ என்று அஞ்சி, அப்பெண்கள் வாய்திறவாதிருந்தனர். பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை. அப்போர்வையும் பின்னர் காணாமற் போயிற்று.

இனி, ஒரு கோலத்தை அமைத்து வெளியிட விரும்பும் மாணவியர் செய்யவேண்டுவன யாவை? முதலிற் கட்டத்தாளில் வரைக. 60 அங்குல அகலமும் 72 அங்குல நீளமும் கொண்ட போர்வை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 அங்குலச் சதுரங்களாகப் பிரித்தால் அகலத்துக்கு ஐந்து, நீளத்துக்கு ஆறு. ஆக 30 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்திலும் ஒன்பது துண்டுகள். மூலைகளிலும் நடுவிலும் கடும்நிறம் ஐந்து, இடையில் வெளிர்நிறம் நான்கு. மொத்தம் கடும்நிறத் துண்டுகள் 150, வெளிர்நிறத் துண்டுகள் 120.

துண்டு ஒவ்வொன்றும் தைத்தபின் 4 அங்குலம் இருத்தல் வேண்டும். எனவே நாற்புறமும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டு, நாலரை அங்குலமாக வெட்டவேண்டும். இந்தக் கால் அங்குலத்தை எழுத மறந்தால் என்ன ஆகும்? நான்கு அங்குலமாக வெட்டிய துண்டு, தைத்தபின் மூன்றரை அங்குலமாகச் சுருங்கும். பதினைந்து துண்டுகள் கொண்ட அகலத்தில் ஏழரை அங்குலமும், பதினெட்டுத் துண்டுகள் கொண்ட நீளத்தில் ஒன்பது அங்குலமும் குறைந்துவிடும். அச்சில் நேர்ந்த சிறு பிழை எத்தனை வீடுகளின் துணியைப் பாழாக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆதலின் குறிப்பை எழுதி முடித்ததும், போர்வையைக் கண்ணாற் காணாத ஒரு தோழியிடம் கொடுத்து, ஒரு சதுரத்தையேனும் தைக்கச் சொல்லுக. அவள் எங்கே தயங்குகின்றாளோ அங்கேதான் திருத்தம் வேண்டும். அதன்பின் படமும் அளவும் நிற விவரமும் சேர்த்து ஆசிரியருக்கு அனுப்பலாம்.

சாகாமம், திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை எனத் தொடரும் நம் பகுதியில் கோலங்களுக்குக் குறைவில்லை. மருதமுனைக் கைத்தறியில் கட்டமும் கோடும் நிறம் மாறி நடக்கின்றன. சாயமிட்ட பன்னைக் குறுக்கும் நெடுக்குமாக இழைத்து நம் பெண்கள் பாயிலே கோலம் காட்டுகின்றனர். பிள்ளைக்கு விரிக்கப் பழஞ்சேலையை மடித்துத் தைக்காத பாட்டியர் உண்டா? தமிழர் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் தாயிடமிருந்து மகள் கற்றுவரும் செல்வம் இது. ஆனால் எந்தக் கோலத்தை யார் முதலிற் கண்டார் என்று கேட்டால், விடை சொல்வோர் அரியர்.

எனவே கோலமொன்றைச் சஞ்சிகைக்கு அனுப்பும் இளம்பெண்கள், தம் பெயரை எழுதுவதற்கு முன் ஒன்றைச் சிந்தித்தல் நலம். இது நான் புதிதாக வரைந்ததா? பெரியம்மாவின் பாயிற் கண்டதா? பக்கத்து வீட்டு உம்மா கற்றுத்தந்ததா? பிறரிடம் கற்றதாயின், அவருடைய இசைவைப் பெற்று, அவர் பெயரையும் ஊரையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். துணியைத் தைத்தவர் வேறு, கோலத்தை அமைத்தவர் வேறு என்றால் இருவரையும் குறிப்பிடுங்கள். அந்த ஒரு வரிக்கு அதிக இடம் வேண்டுவதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத கைகளின் உழைப்பும் ஊரறிய நிலைபெறும்.