கம்பியில்லா மழைமானி: நிறுவும் இடமும் முறையும்

மழையை அளக்கும் வழக்கம் மிகப் பழமையானது. களஞ்சியத்தின் முன்னே ஒரு முழ அகலமுள்ள வாயையுடைய கலத்தை வைத்து மழையை அளக்குமாறு கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் கூறுகின்றது. கொரிய நாட்டில் 1441-ஆம் ஆண்டளவிலேயே மழைமானி வழக்கிற்கு வந்தது. அக்கலங்களின் வழிவந்த கருவி இன்று, வீட்டுத் தோட்டத்திலும் பள்ளி வளாகத்திலும் எளிதில் நிறுவத்தக்க கம்பியில்லா மழைமானியாகவும் கிடைக்கின்றது. எனினும், கருவி எத்துணைப் புதியதாயினும், அது காட்டும் அளவின் மெய்ம்மை, அது நிறுத்தப்படும் இடத்தையே பெரிதும் பொறுத்தது.

கருவியின் அமைப்பு

இக்கருவி வெளிப்பகுதி, உட்பகுதி என இரண்டாக அமைந்துள்ளது. வெளிப்பகுதியில் ஒரு புனலும், அதன் அடியில் இரு குழிகளையுடைய சிறு தொட்டியும் உள்ளன. தொட்டி நடுவில் தாங்கப்பெற்று, இருபுறமும் சாயக்கூடியது. புனலின் வழியே இறங்கும் நீர் ஒரு குழியில் குறித்த அளவு நிரம்பியதும் தொட்டி அப்பக்கம் சாய்ந்து நீரைக் கொட்டிவிடும். உடனே மற்றக் குழி புனலின் கீழ் வந்து நிற்கும். ஒவ்வொரு சாய்வின்போதும் தொட்டியிலுள்ள காந்தம் ஒரு மின்விசையை இயக்குகின்றது. சாய்வுகளின் எண்ணிக்கை வானொலி அலைகளின் வாயிலாக வீட்டினுள் உள்ள உட்கருவியை அடைந்து, மழையளவாகக் காட்டப்படுகின்றது.

ஒரு சாய்வு 0.2 மி.மீ. மழையைக் குறிக்குமாயின், 50 சாய்வுகள் 10 மி.மீ. ஆகும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர். ஒரு ஹெக்டேர் நிலத்தில் அது 10,000 லிட்டராகும். ஆதலின் சிறு புனலில் நேரும் சிறு பிழையும் வயலளவில் பெரும் பிழையாகிவிடும்.

இடத்தால் நேரும் பிழை

இலண்டன் மாநகரில் வில்லியம் ஹெபர்டன் என்னும் மருத்துவர் 1766 சூலை முதல் ஓராண்டுக் காலம் மூன்று மழைமானிகளை வைத்து அளந்தார். வீட்டுத் தோட்டத்தில் இருந்த கருவி 22.6 அங்குலமும், அவ்வீட்டின் கூரைமேல் இருந்தது 18.1 அங்குலமும், அருகிலுள்ள வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் உச்சியில் இருந்தது 12.1 அங்குலமும் காட்டின. இதன் காரணத்தை 1861-இல் ஜெவோன்ஸ் என்னும் அறிஞர் விளக்கினார். கருவியின் மீது மோதும் காற்று மேலெழுந்து விரைவதால், புனலில் விழவேண்டிய துளிகள் அப்பால் கொண்டுசெல்லப்படுகின்றன. உயரம் மிகுந்தால் காற்றின் வேகமும் மிகும்; இழப்பும் மிகும்.

கம்பியில்லாக் கருவியை மாடிக் கைப்பிடிச் சுவரில் பொருத்துதல் பலருக்கு வசதியாகத் தோன்றும். அலைகள் தடையின்றி உட்கருவியை எட்டும். ஆடுமாடுகளின் தொல்லையும் இல்லை. ஆயினும் அங்குக் கிடைக்கும் அளவு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பருவமழை வகைப்பாட்டில், இயல்பான மழையளவினின்று 19 விழுக்காடு வரை கூடியோ குறைந்தோ இருப்பின் அஃது இயல்பு மழையாகவே கொள்ளப்படுகின்றது. அதற்கு மேல் குறையின் குறைமழையாகும். இயல்பளவில் 88 விழுக்காடு மழை பெற்ற ஓர் ஊரில், பத்து விழுக்காடு குறைத்துக் காட்டும் மழைமானி 79 விழுக்காட்டையே காட்டும். இயல்பு மழை பெற்ற ஊர் ஏட்டில் குறைமழை பெற்ற ஊராகிவிடும். வானிலையைச் சார்ந்த பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு மழைக் கணக்கைக் கொண்டு கணிக்கப்படுவதால், முறைப்படி அமைந்த நிலையங்களிலும் இடத்தைப் பற்றிய விதிகளைத் தளர்த்தலாகாது.

இடத்தைத் தேர்தல்

மழைமானிக்கு ஏற்றது சமதளமான திறந்தவெளி. அருகிலுள்ள எப்பொருளும் தன் உயரத்தைப்போல் குறைந்தது இரு மடங்கு தொலைவில் இருத்தல் வேண்டும். பள்ளிக் கட்டிடம் 5 மீட்டர் உயரமாயின் கருவி 10 மீட்டருக்கு அப்பாலும், மரம் 12 மீட்டர் உயரமாயின் 24 மீட்டருக்கு அப்பாலும் அமைய வேண்டும். குன்றின் உச்சி, சரிவு, மொட்டைமாடி ஆகியவை விலக்கத்தக்கன. போதிய தொலைவில் உள்ள புதர்வேலி காற்றின் வேகத்தைத் தணிப்பதால் நன்மையே பயக்கும்.

நம் நாட்டில் வழக்கிலுள்ள சாதாரண மழைமானியின் விளிம்பு தரையினின்று சுமார் 30 செ.மீ. உயரத்தில் அமைக்கப்படுகின்றது. அதற்குத் தாழ்ந்தால் தரையில் விழுந்து தெறிக்கும் நீர் உட்புகும். சுற்றிலும் குட்டைப் புல் இருத்தல் நன்று. சிமெந்துத் தளம் ஆகாது.

நிறுவும் முறை

1. தொட்டி அசையாதிருக்கக் கட்டப்பட்டுள்ள நாடாவை முதலில் அகற்ற வேண்டும்.

2. மின்கலங்களை இட்டபின், இரு பகுதிகளையும் அருகருகே வைத்து, ஒன்றின் செய்தியை மற்றது ஏற்கின்றதா என்று பார்க்க வேண்டும். பின்னர் வெளிப்பகுதியைத் தேர்ந்த இடத்திற்குக் கொண்டுசென்று, செய்தி அங்கிருந்தும் வருகின்றதா என உறுதி செய்ய வேண்டும். தடித்த சுவரும் தகரக் கூரையும் அலைகளைத் தடுக்கும். செய்தி வாராவிடின் உட்கருவியைச் சன்னலருகே மாற்றுக. மழைமானியைச் சுவரோரம் கொணர்தல் கூடாது.

3. கருவியைத் தாங்கும் கம்பம் காற்றில் ஆடலாகாது. ஆடினால் மழையின்றியே தொட்டி சாய்ந்து பொய்யளவு காட்டும். தூக்குக்குண்டால் கம்பத்தின் நேர்மையையும், ரசமட்டத்தால் கருவியின் சமநிலையையும் சரிபார்க்க வேண்டும்.

சோதனையும் நேரமும்

புனல்வாயின் குறுக்களவு 12 செ.மீ. எனில் அதன் பரப்பு சுமார் 113 சதுர செ.மீ. ஆகும். எனவே 113 மில்லிலிட்டர் நீர் 10 மி.மீ. மழைக்கு ஈடு. சிறு துளையிட்ட குப்பியினின்று இந்நீரைச் சுமார் ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக விழச்செய்தால் உட்கருவி ஏறக்குறைய 10 மி.மீ. காட்ட வேண்டும். விரைவாக ஊற்றினால் தொட்டி சாயும் கணத்தில் நீர் வீணாகி, அளவு குறையும்; பெருமழையிலும் இக்குறை நேர்வதுண்டு. இச்சோதனையை மாணவர்களைக் கொண்டே செய்விக்கலாம்.

வானிலை ஆய்வுத் துறை காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் பதிவு செய்கின்றது. வீட்டுக் கருவிகள் பலவோ நள்ளிரவில் நாளை முடிக்கின்றன. 14-ஆம் தேதி இரவு 10 மணிக்குப் பெய்த மழை கருவியில் 14-ஆம் தேதியிலும், துறையின் ஏட்டில் 15-ஆம் தேதியிலும் காணப்படும். ஒப்பிட விரும்புவோர் நாள்தோறும் 8.30 மணிக்கு மொத்த அளவைக் குறித்து, முன்னாள் அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

புனலில் விழும் சருகும் சிலந்தி வலையும் நீரைத் தடுக்குமாதலால் வாரந்தோறும் துடைத்தல் அவசியம். கருவி நிற்கும் இடம், விளிம்பின் உயரம், சுற்றியுள்ள பொருள்களின் தொலைவு ஆகியவற்றைக் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். மரம் வளரும், புதுக் கட்டிடம் எழும். ஆதலின் ஆண்டுக்கொரு முறை, பருவமழை தொடங்குமுன், அத்தொலைவுகளை மீண்டும் அளந்து பார்த்தல் இன்றியமையாதது.