செல்லின் துப்புரவுக் கைகள்

தெருவைக் கூட்டுகிறவர் எது குப்பை, எது குப்பையல்ல என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிறார். நம் உடலிலும் துப்புரவுப் பணியாளர்கள் உண்டு. அவற்றுக்குப் பெருவிழுங்கிகள் என்று பெயர். மாக்ரோஃபேஜ் என்றும் படித்திருப்பீர்கள். உடலினுள் நுழைந்த பாக்டீரியாக்கள், ஆயுள் முடிந்து மடிந்த செல்கள், மூச்சோடு நுரையீரலுக்குள் போன தூசி ஆகியவற்றை இவை வளைத்து விழுங்குகின்றன. 1882-இல் இத்தாலியின் மெஸ்ஸினா நகரில் மெட்ச்னிகாஃப் என்ற ரஷ்ய விஞ்ஞானி, நட்சத்திர மீனின் இளம் உயிரிகளில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் முள்ளைச் சுற்றிச் செல்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. விழுங்கும் செல்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு அதுவே தொடக்கம்.

சரி, கண்ணில்லாத செல்லுக்கு எது குப்பை என்று எப்படித் தெரிகிறது?

இதற்கு ஒரு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அதைத் தந்தவர்கள் கிருமிகளை ஆராய்ந்தவர்கள் அல்லர், கொலஸ்டிராலை ஆராய்ந்தவர்கள்.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் பிரௌன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்ற இரு மருத்துவ விஞ்ஞானிகள் 1970-களில் ஒரு பரம்பரை நோயை ஆராய்ந்தார்கள். கொலஸ்டிரால் இரத்தத்தில் தனியாக மிதப்பதில்லை. எல்.டி.எல். என்ற சிறு கொழுப்புத் துகள்களில் பொதிந்து பயணம் செய்கிறது. இத்துகளைப் பிடித்து உள்ளே இழுக்கச் செல்லின் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறது. இப்படிப்பட்ட புரதத்தை ஏற்பி என்பார்கள். பிரௌனும் கோல்ட்ஸ்டைனும் ஆராய்ந்த நோயாளிகளிடம் எல்.டி.எல். ஏற்பி குறைவாக இருந்தது, அல்லது இல்லவே இல்லை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள ஜீனைப் பெற்ற குழந்தைகளுக்குச் சில வேளைகளில் பத்து வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்துவிடும். இந்த ஆராய்ச்சிக்காக இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இங்கேதான் ஒரு புதிர். ஏற்பியே இல்லாத அந்த நோயாளிகளின் தமனிச் சுவர்களில் பெருவிழுங்கிகள் கொலஸ்டிராலால் நிரம்பிப் பருத்துக் கிடந்தன. வாசல் இல்லாத வீட்டுக்குள் மூட்டை எப்படிப் போயிற்று?

ஆய்வுக்கூடத்தில் பெருவிழுங்கிகளுக்குச் சாதாரண எல்.டி.எல்.லைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவை அதை ஏறக்குறைய சீண்டவே இல்லை. பிறகு அதே எல்.டி.எல்.லை அசெட்டிக் அன்ஹைட்ரைடுடன் வினைபுரியச் செய்து கொடுத்தார்கள். அவ்வளவுதான், வாரி வாரி விழுங்கின! 1979-இல் வெளியான இச்சோதனையிலிருந்து, பெருவிழுங்கிகளில் வேறொரு வாசல் இருப்பது தெரிந்தது. துப்புரவு ஏற்பி என்று நாம் அதை அழைக்கலாம்.

அந்த வேதிப்பொருள் என்ன செய்தது? எல்.டி.எல். துகளின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் ஆங்காங்கே உண்டு. அது நேர் மின்னூட்டம் கொண்டது. அசெட்டைல் தொகுதி ஒட்டிக்கொண்டதும் அந்த நேர் மின்னூட்டம் போய்விடுகிறது. ஆகவே துகளில் எதிர் மின்னூட்டம் மிஞ்சுகிறது. நம் தமனிச் சுவருக்குள் அசெட்டிக் அன்ஹைட்ரைடு இல்லைதான். ஆனால் அங்கே சிக்கிக்கொள்ளும் எல்.டி.எல். ஆக்சிஜனேற்றம் அடைகிறது, அதனாலும் இதே விளைவு உண்டாகிறது. இதைக் காட்டியதில் டேனியல் ஸ்டைன்பெர்க் குழுவினருக்குப் பெரும் பங்குண்டு.

1990-இல் மான்டி கிரீகரும் கோடாமாவும் குழுவினருடன் சேர்ந்து இந்த ஏற்பியின் அமைப்பைக் கண்டறிந்தனர். மூன்று புரதச் சங்கிலிகள் கயிறுபோல் முறுக்கிக்கொண்டிருக்கின்றன. கயிற்றின் ஒரு பகுதியில் நேர் மின்னூட்டங்கள் நெருங்கி அமைந்துள்ளன. எதிரினங்கள் ஒன்றையொன்று கவரும் என்று ஒன்பதாம் வகுப்பில் மனப்பாடம் செய்கிறீர்களே, அதுதான் இங்கும் நடக்கிறது.

இயற்பியல் நடத்துகிறவன் என்பதால், மின்னூட்டமே எல்லாவற்றையும் விளக்கிவிட்டது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் செல் என் ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை. பாலி-ஜி என்ற நியூக்ளிக் அமிலச் சங்கிலி இந்த ஏற்பியில் இறுகப் பற்றிக்கொள்கிறது. பாலி-சி என்ற சங்கிலியும் அதே போல் எதிர் மின்னூட்டம் கொண்டதுதான், ஆனாலும் ஒட்டுவதில்லை. முன்னது நான்கு இழைகளாகச் சேர்ந்து மடியக்கூடியது, பின்னது அப்படியல்ல. மின்னூட்டம் இருந்தால் மட்டும் போதாது, அது வெளியில் எப்படிப் பரவி நிற்கிறது என்பதும் முக்கியம்.

பாக்டீரியாக்களின் வெளியுறைகளிலும் எதிர் மின்னூட்டம் கொண்ட பாஸ்பேட் தொகுதிகள் நிறைந்திருக்கின்றன. எனவே, கிருமியைப் பிடிக்கும் கையே பழுதடைந்த எல்.டி.எல்.லையும் பிடிக்கிறது. ஏற்பிக்கு இரண்டும் குப்பைதான்.

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது? வீட்டு மாடித் தொட்டியில் மிதவைப் பந்து பார்த்திருப்பீர்கள். தொட்டி நிறைந்ததும் பந்து உயர்ந்து குழாயை அடைத்துவிடும். சாதாரண எல்.டி.எல். ஏற்பிக்கு இத்தகைய ஏற்பாடு உண்டு. செல்லுக்குள் கொலஸ்டிரால் போதுமான அளவு சேர்ந்தால் புதிய ஏற்பிகள் செய்வது குறைந்துவிடுகிறது. துப்புரவு ஏற்பிக்கு மிதவைப் பந்து இல்லை! கிருமிகள் படையெடுக்கும்போது இது நல்லதுதான். ஆனால் கொலஸ்டிரால் வந்துகொண்டே இருந்தால் பெருவிழுங்கி அளவின்றி விழுங்கி, உருப்பெருக்கியில் சோப்பு நுரைபோல் தோன்றும் நுரைச் செல்லாகிவிடுகிறது. இவை குவிந்து தமனிச் சுவரில் படிவாகின்றன. படிவு வெடித்தால் அங்கே இரத்தம் உறையும். இதயத்துக்குப் போகும் தமனி அடைபட்டால் மாரடைப்பு.

இன்று துப்புரவு ஏற்பிகள் ஒரு பெரிய குடும்பம் என்று தெரிகிறது. அவற்றில் சி.டி.36 என்பதை மலேரியாக் கிருமி தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. பால்சிபாரம் வகைக் கிருமி புகுந்த சிவப்பணுக்கள், நுண்குழாய்ச் சுவரிலுள்ள சி.டி.36-ஐப் பற்றிக்கொண்டு அங்கேயே தங்கிவிடுகின்றன. அதனால் மண்ணீரலுக்குள் போய் அழிவதிலிருந்து தப்புகின்றன.

அப்படியானால் இந்த வாசலை மருந்தால் மூடிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். 1997-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள், முதலில் கண்டுபிடிக்கப்பட்ட துப்புரவு ஏற்பி இல்லாத எலிகளை உருவாக்கினார்கள். அவற்றின் தமனிகளில் படிவு குறைந்தது. ஆனால் லிஸ்டீரியா பாக்டீரியாவுக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கும் மற்ற எலிகளைவிட எளிதில் இரையாயின. 2005-இல் வேறொரு குழுவினர் இதே போன்ற சோதனையைச் செய்தபோது படிவுகூடக் குறையவில்லை. பெருவிழுங்கிக்கு வேறு வாசல்களும் இருக்கின்றன போலும். ஆகவே மருத்துவர்கள் இந்த வாசலைத் தொடாமல், இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லையே ஸ்டாட்டின் முதலிய மருந்துகளால் குறைக்கிறார்கள். ஸ்டாட்டின் கொடுத்ததும் கல்லீரல் செல்கள், மிதவைப் பந்து உள்ள அந்தப் பழைய ஏற்பியைக் கூடுதலாகச் செய்யத் தொடங்குகின்றன.